பச்சைத் துணிப் பெட்டியின் இடப்பக்கம்

கோக்தெரெக் பேட்டையின் நகர மன்ற உறுப்பினர் அந்தக் கோடையில் காலமானார். ஒன்பது ஆண்டுகள் பதவியில் இருந்த அவர், ஒன்பது ஆண்டுகளும் மன்றத்தில் வாய் திறக்கவில்லை. ஆதலால் பேட்டைக்கு அவரால் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. அவருடைய நாற்காலிக்கு இப்போது பருத்தி வணிகர் ஹோதம்பாய் ஆசைப்பட்டார். வாய் திறப்பதற்காகவே ஆசைப்பட்டார் என்பதில்தான் தொல்லை தொடங்கியது.

ஹோதம்பாய்க்கு வாய்க்காலின் தலைமதகு வேண்டியிருந்தது. மதகுக்கு அருகே அவர் கட்டி முடித்திருந்த பருத்தி அரைவை ஆலையின் சக்கரம் நீரில்லாமல் சும்மா நின்றது. வாய்க்காலை அங்கேயே திருப்பிவிட்டால் சக்கரம் சுழலும். சுழற்றிய நீர் பேட்டைக்குத் திரும்பாமல் மேற்குப் பள்ளத்தில் விழுந்து வீணாகும். இதற்கு நகர மன்றத்தின் இசைவு தேவை. மன்றத்தில் பெரும்பான்மையினர், பக்கத்தில் புதிய நகரம் கட்டிக் குடியேறி ஆண்டுவந்த ருஷ்யர்கள். பழைய நகரத்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். பேட்டைக்கு மறுப்பில்லை என்று அப்பேட்டையின் உறுப்பினர் கையெழுத்திட்டால் அவர்கள் கையை உயர்த்திவிடுவார்கள். உறுப்பினரே இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை. மதகும் இருந்த இடத்தில் இருக்கும்.

பேட்டை முழுவதும் அந்த நீரைத்தான் குடித்தது. ஆயினும், குடிப்பவர்கள் வேறு வாய்க்காலுக்கு நடந்துபோய்க் குடம் நிரப்பிக்கொள்ளலாம். எர்கஷால் அவ்வாறு செய்ய இயலாது. அவர் பேட்டையின் ஹம்மாமுக்கு, அதாவது வெந்நீர்க் குளியலகத்துக்கு, உரிமையாளர். வாய்க்கால் நின்றால் மூன்றாம் நாள் அவருடைய தொட்டி வறண்டுவிடும். நான்காம் நாள் முதல் அவரும், அவர் மனைவி மஸ்தூராவும், நான்கு பெண்மக்களும் எதை உண்பது என்பதை ஹோதம்பாய் யோசித்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் முறை எளியது. அந்த எளிமையைப் புரிந்துகொள்ளாதவர்கள் மேல் ருஷ்ய அரசுக்கு மிகுந்த வருத்தம் உண்டு. குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட வீடோ கடையோ உடையவர்களே வாக்காளர்கள். கோக்தெரெக்கில் ஹோதம்பாய் நீங்கலாக அத்தகையோர் ஐம்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் வாதுமைக்கொட்டை அளவில் ஒரு மரப்பந்து தரப்படும். பச்சைத் துணியால் மூடிய பெட்டி ஒன்றில் துணிக்குழாய் வழியே முழங்கைவரை கையை நுழைத்து, வேட்பாளர் வேண்டுமென்றால் வலப்பக்கத்திலும் வேண்டாமென்றால் இடப்பக்கத்திலும் பந்தைப் போட்டுவிட வேண்டும். கை எந்தப் பக்கம் சென்றது என்பதை வெளியில் நிற்பவர் எவரும் அறிய முடியாது. பந்து விழும் ஓசையும் கேட்காதபடி உட்புறம் கம்பளி ஒட்டப்பட்டிருக்கும். வேட்பாளர் இம்முறை ஒருவரே. பாதிக்கு மேற்பட்ட பந்துகள் வலப்பக்கம் விழுந்தால் அவர் உறுப்பினர். விழாவிட்டால் அடுத்த பொதுத் தேர்தல்வரை நாற்காலி காலி. பொதுத் தேர்தலுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

ஆகவே எர்கஷுக்கு இடப்பக்கத்தில் இருபத்தொன்பது பந்துகள் தேவைப்பட்டன.

ஒருவனிடம் உதவி கேட்க ஹம்மாமைவிடத் தக்க இடம் இல்லை. இடுப்பில் ஒரு துண்டுடன் சூடான கல்மேடையில் குப்புறப் படுத்திருப்பவன் எழுந்து ஓட முடியாது. வேலை இருக்கிறதென்று சொல்லவும் முடியாது. வழக்கமாக முதுகு பிடிக்கும் ஆளை அனுப்பிவிட்டு, அம்மாதம் முழுவதும் எர்கஷே வாக்காளர்களுக்கு முதுகு பிடித்தார். தோள்பட்டையில் தொடங்கி நலம் விசாரித்தார். நடுமுதுகில் வாய்க்காலைப் பற்றிச் சொன்னார். இடுப்புக்கு வரும்போது பந்தைப் பற்றிக் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. முதலில் வாக்குக் கொடுத்தவர் நாவிதர் ஜோகிர். அவர் எர்கஷின் இளமைக்கால நண்பர். கடையும் ஹம்மாமின் வாசலிலேயே இருந்தது. ஹம்மாம் மூடினால் சவரத்துக்கும் ஆள் வராது.

"இதைக் கேக்கவும் வேணுமா, அகா?" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ஜோகிர், கல்லில் கன்னத்தை வைத்தபடியே. "என் பந்து இடப்பக்கம்தான். நான் பத்துப் பேரு தாடியைப் பிடிச்சு இழுத்தாவது இடப்பக்கம் போட வைக்கிறேன். தாடி என் கையில இருக்கும்போது எவன் மாட்டேங்கப்போறான்?"

இவ்வாறாக மாத முடிவில் முப்பத்து மூன்று பேர் மார்பில் கை வைத்து வாக்குக் கொடுத்திருந்தனர். எர்கஷின் சொந்தப் பந்தைச் சேர்த்தால் முப்பத்து நான்கு. அன்று இரவு உணவின்போது அந்த எண்ணிக்கையை அவர் மஸ்தூராவிடம் சொன்னார். மஸ்தூரா ரொட்டியைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் வைத்து முடித்தாள்.

"முப்பத்து மூணு பேரை விடுங்க," என்றாள் பிறகு. "நீங்க போடுவீங்களா?"

எர்கஷ் சினந்தார். அது தம்முடைய ஹம்மாம் என்பதை நினைவூட்டினார்.

"போன வருசம் அந்த முலாம்பழக்காரன் அழுகின பழத்தைத் தூக்கிக் குடுத்தான். வேண்டாம்னு சொல்ல வாய் வராம ரெண்டு வாங்கிட்டு வந்தீங்க," என்றாள் மஸ்தூரா. "அவன் முகத்தைப் பாத்தா பாவமா இருந்துச்சுன்னீங்க. ஹோதம்பாய் முகம் அவனைவிட நல்லாவே இருக்கும்."

அந்தப் பேச்சு எர்கஷை உறுத்தியது. ஆயினும் குறை மனத்தில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். பேட்டையில் எவரும் பிறந்தது முதல் எதையும் இடப்பக்கமாகக் கொடுத்ததில்லை. ரொட்டியை வலக்கையால் கொடுப்பார்கள். தேநீர்க் கிண்ணத்தை வலக்கையால் நீட்டுவார்கள். மசூதிக்குள் வலக்காலை முன்வைத்து நுழைவார்கள். விருந்தாளியை வலப்புறம் அமர்த்துவார்கள். இடப்பக்கம் என்பது காலணியைக் கழற்றி வைப்பதற்கும் பேசத் தகாத வேறு சில காரியங்களுக்கும் உரியது. அத்தகையவர்கள் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் கையை விட்டால், கை தானாக எந்தப் பக்கம் போகும்? பயிற்சி வேண்டும்.

தச்சரிடம் சொல்லி அதே அளவில் ஒரு பெட்டி செய்வித்தார். ஹம்மாமின் உடை மாற்றும் அறையில், தேநீர்ச் சமோவாருக்கு அருகில் அதை வைத்தார். வேட்பாளராக ஒரு தர்பூசணி பெட்டியின் மேல் அமர்த்தப்பட்டது. குளித்துவிட்டு வருபவர் ஒவ்வொருவரும் ஒரு வாதுமைக்கொட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே கைவிட்டு இடப்பக்கம் போட்டுப் பழகினார்கள். முதல் நாள் பன்னிருவரில் எழுவர் தவறி வலப்பக்கம் போட்டனர். மூன்றாம் நாள் ஒருவரும் தவறவில்லை. நான்காம் நாள், ருஷ்யப் பெட்டி நாளைக்கே வந்தாலும் தாங்கள் ஆயத்தம் என்று அவர்களே சொல்லிக்கொண்டு, தோற்றுப்போன தர்பூசணியை அறுத்துத் தின்றார்கள். தர்பூசணியின் முகத்தைப் பார்த்து எவருக்கும் பாவமாக இல்லை.

அவ்வாரம் வியாழக்கிழமை ஹோதம்பாயே குளிக்க வந்தார். அவர் எப்போதும் வியாழனன்றுதான் குளிப்பார். தமது ஆலையால் அந்த வழக்கம் முடிவுக்கு வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லைபோலும். பெட்டியைக் கண்டு இது என்ன என்று கேட்டார். சவர்க்காரப் பெட்டி என்று ஜோகிர் சொன்னார். ஹோதம்பாய் உள்ளே கைவிட்டுத் துழாவி, நல்ல வேலைப்பாடு என்று பாராட்டினார். பின்னர் எர்கஷின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "உங்க பந்து எனக்குத்தானே, அகா?" என்று கேட்டார்.

எர்கஷ் மார்பில் கை வைத்தார். "வேற யாருக்குப் போடப்போறேன்?" என்றார்.

வேட்பாளர் ஒருவரே ஆதலால் இதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவர் பின்னர்த் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டார்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னர் ஹோதம்பாய் வீட்டில் விடியற்காலையில் பலாவ் என்னும் இறைச்சிச் சோற்று விருந்து. ஐம்பத்தெட்டுப் பேரும் அழைக்கப்பட்டனர். போகக்கூடாது என்று எர்கஷ் தம்மவர்களிடம் சொல்ல நினைத்தார். ஆனால் அழைப்பை மறுத்தால் சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும். போய் உண்ணாமல் எழுந்துவிடலாம் என்றால், அது அழைப்பை மறுப்பதைவிடப் பெரிய அவமதிப்பு. ஆகவே முப்பத்து நால்வரும் போனார்கள்; முப்பத்து மூவர் மற்றவர்களோடு சமமாக உண்டனர். எர்கஷ் மட்டும் பலாவைத் தொடவில்லை. ரொட்டியில் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் பலாவை உண்டதைக்கூட மறக்கலாம், ரொட்டியைப் பிட்டதை மறக்கலாகாது என்பது வீடு திரும்பிய பிறகே அவருக்கு நினைவுக்கு வந்தது.

தேர்தல் செப்டம்பர் இறுதியில், பேட்டைக் காவல் அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. புதிய நகரத்திலிருந்து மன்றத்தின் செயலர் லாப்தேவ் பெட்டியோடு குதிரை வண்டியில் வந்திறங்கினார். இருபது ஆண்டுகளாகத் தேர்தல்கள் நடத்தியவர் அவர். சட்டப் புத்தகத்தில் உள்ளபடி மனிதர்கள் நடந்துகொள்வார்கள் என்னும் நம்பிக்கையை இன்னும் இழக்காதவர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அவர் மும்முறை விளக்கினார். பெட்டியின் இடப்பக்கத்தில் போடுவதற்கு இடக்கையைப் பயன்படுத்தத் தேவையில்லை. வலக்கையாலேயே இடப்பக்கம் போடலாம். அதில் பாவம் ஒன்றுமில்லை. எவருக்கும் தெரியவும் தெரியாது. ஐம்பத்தெட்டுப் பேரும் புரிந்ததாகத் தலையசைத்தனர். எர்கஷின் ஆட்கள் சற்று அலட்சியமாகவே தலையசைத்தனர். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

பின்னர், சட்டப்படி வேட்பாளர் அறைக்குள் இருக்கலாகாது, வெளியே செல்ல வேண்டும் என்றார் லாப்தேவ். ஹோதம்பாய் உடனே வெளியே சென்றார். அறைக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்கு ஒரு சாண் வெளியே அவர் நின்றுகொண்டார். பட்டியலில் பெயர் படிக்கப்பட்டவர் முற்றத்திலிருந்து அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். ஹோதம்பாய் சட்டத்தை மீறவில்லை. வந்தவரிடம் முகமன் கூறாமல் நிற்பது மட்டுமே அவரால் இயலாததாக இருந்தது. ஒவ்வொருவரின் கைகளையும் இரு கைகளாலும் பற்றினார். உடல்நலம், வீட்டார் நலம், ஆடுமாடுகளின் நலம், அறுவடையின் நலம் யாவற்றையும் வரிசை தவறாமல் கேட்டார். லாப்தேவ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

எர்கஷின் பெயர் நாற்பத்தோராவதாகப் படிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஜோகிரும் இன்னும் இருபதுக்கு மேற்பட்ட தம்மவர்களும் உள்ளே போய்த் திரும்பியிருந்தனர். திரும்பியவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து ஒரு கண்ணை லேசாகச் சிமிட்டினர். வாசலில் ஹோதம்பாய் அவருடைய கைகளைப் பற்றினார்.

"உங்க மூணாவது பொண்ணுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், அகா," என்றார். "இப்ப எப்பிடி இருக்கா?"

பரவாயில்லை என்றார் எர்கஷ்.

"மாதுளம்பழம் ஒரு கூடை உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். சாறு எடுத்துக் குடுங்க. உடம்பு சூடு தணியும்."

எர்கஷ் நன்றி சொல்லிவிட்டு உள்ளே சென்றார். பந்து கையில் தரப்பட்டது. துணிக்குழாய்க்குள் கையை நுழைத்தார். முழங்கை மறைந்தது. உள்ளே நடுப்பலகை விரலில் பட்டது. இடப்பக்கம் இந்தப் பக்கம்; நூறு முறை பழகியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால், வாசலுக்கு ஒரு சாண் வெளியே, அடுத்தவருடைய ஆடு ஒன்று குட்டி போட்டதா என்று ஹோதம்பாய் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. மாதுளம்பழக் கூடை இந்நேரம் வீடு சேர்ந்திருக்கும். மஸ்தூரா பழத்தை உரித்துக்கொண்டிருப்பாள். மூன்று நாள் முன்னர் விருந்தில் பிட்ட ரொட்டி நினைவுக்கு வந்தது.

தமக்கு இருபத்தொன்பது பந்துகள்தான் தேவை என்று எர்கஷ் எண்ணினார். வாக்குக் கொடுத்தவர்கள் முப்பத்து மூவர். இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, கண்ணும் சிமிட்டியாகிவிட்டது. தம்முடைய ஒரு பந்தைக் கழித்தாலும் நான்கு மிகுதி. தலைமதகு காப்பாற்றப்படும், அதே வேளையில், நோயுற்ற தம் மகளுக்குப் பழம் அனுப்பிய ஒரு மனிதரைத் தாமே தம் கையால் அவமதித்த பழியும் இராது. காரியமும் நடக்கும், மரியாதையும் கெடாது. இவ்வளவு நல்ல கணக்கை அவர் வாழ்நாளில் போட்டதில்லை.

கையை வலப்பக்கம் திருப்பினார். பந்து கம்பளியில் ஓசையின்றி விழுந்தது. வெளியே வந்தபோது ஜோகிரைப் பார்த்து அவரும் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

நண்பகல் தொழுகைக்குப் பின்னர் வாக்காளர் அனைவரும் அறைக்குள் அழைக்கப்பட்டனர். லாப்தேவ் பெட்டியின் வலப்புறத்து அறையைத் திறந்து, பந்துகளை ஒவ்வொன்றாக ஒரு தட்டில் எண்ணிப் போட்டார். முப்பதைத் தாண்டியபோது எர்கஷ் கொஞ்சம் நிமிர்ந்து அமர்ந்தார். நாற்பதைத் தாண்டியபோது தாமும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஐம்பத்தெட்டில் தட்டு நிறைந்தது. லாப்தேவ் இடப்புறத்து அறையைத் திறந்து உள்ளே பார்த்தார். கையை விட்டுத் தடவினார். பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒரு தர்பூசணி விதைகூட விழவில்லை. தர்பூசணி தோற்ற பெட்டி ஹம்மாமில் இருந்தது.

இருபது ஆண்டுகளில் இப்படி ஒன்றைத் தாம் கண்டதில்லை என்று லாப்தேவ் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். ஆளுநரின் மைத்துனர் நின்றபோதும் நான்கு பந்துகள் இடப்பக்கம் விழுந்தன. இவர்களுக்கு உண்மையிலேயே விளங்கியதா என்று கேட்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஐம்பத்தெட்டுப் பேரும் விளங்கியது என்றனர். இடப்பக்கம் எதற்கு என்று தெரியுமா? தெரியும் என்றனர். வேட்பாளரைப் பிடிக்காதவர் ஒருவர்கூட இல்லையா? ஒருவரும் எர்கஷைப் பார்க்கவில்லை. எர்கஷும் ஒருவரையும் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று பேரைத் திட்டுவதற்கான சொற்கள் அவருடைய நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே நின்றன. இடப்பக்கத்தில் ஒரே ஒரு பந்து கிடந்திருந்தால் அது தம்முடையது என்று சொல்லியாவது கத்தியிருக்கலாம். அந்த ஒன்றும் இல்லை என்பது முப்பத்து மூவருக்கும் தெரியும்.

ஜோகிர் மட்டும் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"நீங்க எப்பிடியும் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன், அகா," என்றார் தரையைப் பார்த்தபடி. "என்னோடது ஒண்ணு கொறைஞ்சா என்னன்னு..."

"வாசல்ல உன்கிட்ட என்ன கேட்டார்?" என்றார் எர்கஷ்.

"கத்தி தீட்டுற கல்லு தேஞ்சு போச்சாமேன்னு. புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காராம்."



ஹோதம்பாய் உள்ளே அழைக்கப்பட்டார். எண்ணிக்கையைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. சவர்க்காரப் பெட்டி என்ன பெட்டி என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். இருபதோ முப்பதோ பந்துகள் இடப்பக்கம் விழும் என்று அஞ்சியே வந்திருந்தார். கண் கலங்க ஒவ்வொருவரையும் தழுவினார். எர்கஷிடம் வந்தபோது அவருடைய தோள்களை விடாமல் பற்றிக்கொண்டார்.

"நீங்களுமா, அகா?" என்றார். "என் சக்கரத்தால உங்களுக்கு என்ன வரும்னு தெரிஞ்சும் எனக்குப் போட்டிருக்கீங்க. இனிமே உங்க தண்ணிக்கு நான் பொறுப்பு. ஆலை கெடந்தா கெடக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணி கொறையாது. இது என் வாக்கு."

சொல்லிவிட்டு மார்பில் கை வைத்துத் தலையைச் சற்றே வலப்பக்கம் சாய்த்தார்.

எர்கஷ் அந்தக் கையைப் பார்த்தார். கல்மேடையில் படுத்திருந்த முப்பத்து மூவரும், எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்ட பிறகு, கையை அதே இடத்தில்தான் வைத்தார்கள். தலையை அதே அளவுதான் சாய்த்தார்கள். வியாழக்கிழமையன்று தாம் வைத்ததும் அதே இடத்தில்தான். ஹோதம்பாய் பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவர் அதை மனமார நம்பினார். முப்பத்து மூவரும் நம்பினார்கள். துணிக்குழாய்க்குள் கை நுழையும்வரை எர்கஷும் நம்பினார். நாளையோ மறுநாளோ, மன்றத்தில் கையெழுத்துக்கு உரிய தாள் முன்னே வைக்கப்படும்போது, ஹோதம்பாயின் பக்கத்தில் வேறு யாரேனும் அமர்ந்து அவருடைய குழந்தைகளின் நலத்தை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

"மிகவும் நன்றி, அகா," என்று சொல்லி எர்கஷும் மார்பில் கை வைத்தார். வேறு என்ன செய்வது?

அறையை விட்டு வெளியேறியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. முற்றத்தில் கட்டியிருந்த கழுதையை அவிழ்த்துக்கொண்டு நேரே நகரின் தெற்கு வாயிலுக்கு அப்பால் சென்றார். அங்கே கிணறு வெட்டும் பெர்தி என்பவர் குடியிருந்தார். பட்டப்பகலில், தம் வீட்டு நிழலில் கால் நீட்டி அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் பெர்தி. ஹம்மாமின் பின்முற்றத்தில் உடனே ஒரு கிணறு வேண்டும் என்றும், எவ்வளவு ஆழமானாலும் சரி, குதிரை பூட்டி இறைக்கும் அளவுக்கு நீர் வேண்டும் என்றும் எர்கஷ் சொன்னார். பெர்தி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து நின்று மார்பில் கை வைத்தார்.

"நாளைக்கு வெளிச்சம் வர்றதுக்குள்ள உங்க வாசல்ல நிப்பேன், அகா," என்றார். "வேற எந்த வேலைன்னாலும் அப்புறம்தான். என் வாக்கு."

எர்கஷ் அவருடைய கையையும், அது மார்பில் இருந்த இடத்தையும் பார்த்தார். மிகவும் நன்றி என்றார். பின்னர் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துக் கழுதையின் ஒரு பக்கம் கட்டினார். சுருட்டி வைத்திருந்த நீண்ட கயிற்றை மறுபக்கம் தொங்கவிட்டார். மண் அள்ளும் தோல்வாளியை அதன் மேல் வைத்தார்.

"அதெல்லாம் எதுக்கு, அகா?" என்றார் பெர்தி. "நான்தான் வர்றேன்னு சொல்லிட்டேனே."

"அதான்," என்றார் எர்கஷ் பணிவோடு. "நாளைக்கு அவ்வளவு தூரம் இந்தச் சுமையைத் தூக்கிட்டு வருவீங்களேன்னு மனசு கேக்கல."

இதற்கு மறுமொழி சொல்ல மரியாதை தெரிந்த எவராலும் இயலாது. எர்கஷ் கழுதையை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். பெர்தி சற்று நேரம் வாசலில் நின்றார். அதே விடியற்காலையை அவர் அவ்வாரம் வேறு ஐந்து பேருக்கும் வாக்களித்திருந்தார். கயிறும் கடப்பாரையும் இல்லாமல் அந்த ஐவரில் ஒருவர் வீட்டிலும் வேலை தொடங்குவதுபோல் காட்டி ஏமாற்றக்கூட முடியாது. மீதித் தேநீரைக் குடித்து முடித்து, காலணியை மாட்டிக்கொண்டு, கழுதைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.